தோட்டா சிக்கினால் அரத்தை எடுக்காதீர்கள்

இந்த வாரம் கைத்துப்பாக்கியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரி, "உங்களுக்கு எதுக்கு வேண்டாத வேலை? ராமானுஜரைப் பத்தி எழுதுங்களேன்" என்றாள். ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்துகொண்டு ராமானுஜரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆயுத உரிமக் கோப்புகளோடு பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புதுவையில் பிறந்தவன். பிரெஞ்சு வழியில் படித்தேன். அரசு எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனோடு இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. துப்பாக்கி சுடத் தெரியாது. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர்களைத் தெரியும். அது வேறு படிப்பு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவில்தார் வந்தார். பெயர் வேண்டாம், ஹவில்தார் என்றே வைத்துக்கொள்வோம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்பில் தனி வீடு. உரிமம் வாங்கி, ஒரு பழைய கைத்துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற வியாபாரி மூலம் வாங்கியிருந்தார். புதுவையில் ஒரு சொல்தா குடும்பம் விற்றது அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு பழைய காகிதம், பிரெஞ்சில். "சார், இதைப் படிச்சுச் சொல்லணும். தோட்டா உள்ளே போகாம சிக்குது" என்றார்.

காகிதத்தைப் பார்த்தேன். பயோன் நகரத்து எம்.ஏ.பி. என்ற கம்பெனியின் 'டி' மாடல். 1930களில் வந்தது, பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் இடுப்பில் பல வருஷம் தொங்கியது. அமெரிக்கர் ஜான் பிரவுனிங் பெல்ஜியம் கம்பெனிக்காக வடிவமைத்த துப்பாக்கியைப் பார்த்துச் செய்தது. தோட்டா 7.65 மில்லிமீட்டர், மேகசினில் ஒன்பது. நம் ஊர் உரிமப் புத்தகத்தில் இதை .32 என்று எழுதுவோம். எண்பதுகளின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோன பிறகு இந்த மாதிரி வெளிநாட்டுப் பழைய சரக்குக்குத்தான் நம் நாட்டில் ஏக கிராக்கி. இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்த அஷானி பிஸ்டல் இருந்தும், தாத்தா காலத்து பிரவுனிங் என்றால் பல மடங்கு விலை கொடுக்க ஆள் உண்டு. விலை கொடுத்தவர் அது வேலை செய்கிறதா என்று கேட்பது அபூர்வம்.

காகிதத்தைப் படித்துச் சொல்லி முடித்ததும் ஹவில்தார் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். ஹார்டுவேர் கடையில் வாங்கிய சின்ன அரமும், இரண்டு எமரித் தாளும். "யூடியூப்ல பார்த்தேன் சார். தோட்டா ஏறிப் போற அந்தச் சரிவை வழவழன்னு தேய்ச்சு விட்டா சரியாயிடுமாம்."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த அரத்தைப் பற்றியதுதான்.

முதலில் அந்தச் சரிவு என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடித்ததும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் ஓடி, காலி உறையை வெளியே தள்ளுகிறது. திரும்ப ஸ்பிரிங் இழுத்து முன்னால் வரும்போது, கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினின் மேல் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. தோட்டாவின் மூக்கு ஒரு சின்னச் சரிவில் ஏறி, குழாயின் பின்புறத்தில் உள்ள அறைக்குள், அதாவது சேம்பருக்குள், போய் உட்கார வேண்டும். இது கண் இமைக்கும் நேரத்தில் நடப்பது. இதில் எங்கே தடங்கினாலும் ராணுவத்தில் 'ஸ்டாப்பேஜ்' என்பார்கள். எங்கள் பிரெஞ்சில் 'ஆங்ரெயாஜ்'.

மூக்கு அந்தச் சரிவில் முட்டி நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் குற்றம் சரிவு மேல் விழுகிறது. வழியில் விழுந்தவனைப் பார்த்துவிட்டு ரோடு சரியில்லை என்பது போலத்தான் இது. அவன் எங்கிருந்து எப்படி வந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு முசியே இருந்தார். பௌதிகப் பரிசோதனைக் கூடத்தில் யாராவது "கருவி கெட்டுவிட்டது" என்று எழுதினால் பக்கத்தையே அடித்துவிடுவார். "நீ பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. முள் அசையவில்லை என்பது பார்த்தது. கெட்டுவிட்டது என்பது நினைத்தது." முப்பது வருஷக் கோப்பு வேலையில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு பாடம்தான். ஹவில்தாரிடமும் அதையே கேட்டேன். "எப்படிச் சிக்குது? எந்த மேகசின்? எத்தனையாவது தோட்டா?" அவருக்குத் தெரியவில்லை. சிக்குகிறது, அவ்வளவுதான்.

சிக்குவதில் வகை உண்டு. அந்தக் காகிதத்திலிருந்தும், என் மேசைக்கு வந்து போன துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்கள் சொன்னதிலிருந்தும் நான் தெரிந்துகொண்டது இது.

ஸ்லைடு முன்னால் வந்துவிட்டது, ஆனால் தோட்டாவே எடுக்கவில்லை என்றால், மேகசின் முழுதாக உள்ளே ஏறிப் பூட்டவில்லை, அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்து தோட்டாவை நேரத்துக்கு மேலே தள்ளவில்லை. மூக்கு கீழே கவிழ்ந்து முட்டினால் அதுவும் பெரும்பாலும் மேகசின்தான். மூக்கு நேராக மேலே எழும்பி நின்றால், மேகசினின் வாய், தோட்டாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் அந்த இரண்டு உதடுகள், அகன்றுவிட்டன என்று சந்தேகப்பட வேண்டும். முக்கால் பாகம் உள்ளே போய் ஸ்லைடு மூடாமல் நின்றால், அறையில் அழுக்கு, அல்லது தோட்டா பழசாகி வீங்கியோ பச்சை பூத்தோ இருக்கிறது, அல்லது ஸ்லைடை முன்னால் தள்ளும் பெரிய ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. காலி உறை வெளியே போகாமல் மாட்டினால் அது உள்ளே போகிற கோளாறே அல்ல, வெளியே வருகிற கோளாறு. தோட்டாவில் வீரியம் குறைவு, உறையை இழுக்கும் கொக்கியில் அழுக்கு, இல்லையென்றால் சுடுபவர் மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்திருக்கிறார்.

7.65 தோட்டாவுக்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு. அதன் அடிப்பாகத்தில் மிகச் சின்ன விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் விழுந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் நகராது. மேல் தோட்டாவின் விளிம்பு எப்போதும் கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். வெற்றிலையை அடுக்குவது போல ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்க வேண்டியது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இதில் எனக்குப் பங்கு இருப்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். நம் நாட்டில் .32 என்றால் இரண்டு. பிஸ்டலுக்கு ஒன்று, ரிவால்வருக்கு ஒன்று. ரிவால்வர் தோட்டா நீளம், விளிம்பும் பெரிசு. பிஸ்டல் மேகசினில் அது ஒழுங்காக உட்காராது. ஒரு முறை ஒருவருடைய பதிவை நகல் எடுக்கும்போது '.32' என்று மட்டும் எழுதி, பிஸ்டல் என்ற சொல்லை விட்டுவிட்டேன். அந்த மனிதர் அதை வைத்துத் தோட்டா கேட்கப் போய், இரண்டு தடவை அலைந்து, மூன்றாம் தடவை என் மேசை முன்னால் நின்று கத்தினார். ஒரு சொல். நல்ல வேளை, அலைச்சலோடு போனது.

இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். சரிவைத் தவிர மற்றதெல்லாம் மாற்றக்கூடியது. மேகசினை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், தோட்டாவை மாற்றலாம், அழுக்கைத் துடைக்கலாம். சரிவில் அரம் போட்டால் எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதிகம் தேய்த்தால் அறையின் அடிப்பக்கம் தோட்டாவின் உறைக்கு இருக்க வேண்டிய தாங்கல் குறைந்துபோகும். வெடிக்கும்போது உறை அங்கே பிதுங்கிக் கிழியும். அதாவது, சுடும்போது கைக்குள் ஆபத்து. எது திரும்ப வராதோ அதைக் கடைசியில் தொட வேண்டும். நாம் அதைத்தான் முதலில் தொடுகிறோம்.

இதை என் மகனிடம் சொன்னபோது சிரித்தான். அவன் வேலை பார்க்கும் லைனில் திருகாணிகள் ஒரு அதிரும் தட்டிலிருந்து வரிசையாகத் தண்டவாளத்தில் வந்து மெஷினுக்குள் விழும். ஒரு நாள் சிக்கிச் சிக்கி நின்றிருக்கிறது. புதிதாக வந்த பையன் தண்டவாளத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான். பழைய ஆப்பரேட்டர் கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னைக்கு எந்த லாட் திருகாணி கொட்டினே?" என்று கேட்டாராம். புது லாட்டில் தலை கொஞ்சம் பெரிசு. டயோட்டா கம்பெனியின் ஓனோ சொல்லிக் கொடுத்த முறை ஒன்று இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எல்லாம் சுவரில் எழுதியிருக்கிறதாம். ஒரு கோளாறு வந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேள். துப்பாக்கிக்காரர்கள் ஒரு தடவை கேட்டால்கூடப் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டமும் இதில் ஒன்று சொல்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, ரிப்பேர் உரிமம் வேறு. துடைப்பதும், எண்ணெய் இடுவதும் சொந்தக்காரர் வேலை. அதிலும் ஒரு சொட்டு போதும். தையல் மெஷின் எண்ணெயை ஊற்றித் தள்ளி, தூசியோடு சேர்ந்து களிம்பாக்கி, அதனாலேயே சிக்கவைத்தவர்கள் உண்டு. அரம் போடுவது லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவர் வேலை. ஹவில்தாரிடம் அரத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இப்போது எங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவியைத் தீட்டப் பயன்படுகிறது.

எழுந்து போகப் போனவர் வாசலில் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

எப்படிச் சிக்குகிறது என்று பார்க்க, முந்தின வாரம் ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து, நிஜத் தோட்டாவையே போட்டு, கையால் ஸ்லைடை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்று சிக்கியது. மேகசினைக் கழற்றிவிட்டார். கழற்றியாயிற்று, காலி என்று மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பேத்தி ஒன்பது வயசு. பென்சில் தேடி அந்த மேசைக்கு வந்து, துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு பென்சிலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். காலையில் எடுத்துப் பார்த்தால், அறைக்குள் ஒரு தோட்டா.

"இருபத்தி நாலு வருஷம் சர்வீஸ் சார். எனக்கு எப்படி மறந்துச்சுன்னு தெரியலை" என்றார். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ராணுவத்தில் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்திருப்பார். வீட்டுக் கூடத்தில் யாரும் இல்லை. மேகசினைக் கழற்றினால் மேகசின்தான் காலி, துப்பாக்கி காலியல்ல. சிக்குகிற துப்பாக்கியில் இந்தத் தப்பு நடக்கிற வாய்ப்பு இன்னும் அதிகம். ஏனென்றால் கவனம் முழுக்கக் கோளாறின் மேல் இருக்கிறது. மேகசினைக் கழற்று, ஸ்லைடை முழுக்க இழுத்துப் பிடி, அறைக்குள் கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார். பிறகுதான் மற்றது. தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும். சோதனை என்றால் வெடிக்காத பொய்த் தோட்டா. நிஜத் தோட்டா சுடும் தளத்தில் மட்டும்.

இதற்குப் பிறகு அவர் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அது சரியான வரிசை. முதலில் சென்னையில் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்ப் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பழைய சொந்தக்காரரிடமிருந்து வந்த, அடியில் பச்சை பூத்த தோட்டாக்களை வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டு, உரிமத்தில் உள்ள அளவுக்குள் புதிதாக வாங்கினார். இரண்டு மேகசினிலும் ஒன்று, இரண்டு என்று நகப்பூச்சால் எண் போட்டார். பட்டாள நண்பர் ஒருவர் ரைஃபிள் கிளப் உறுப்பினர். அவர் மூலம் தளத்துக்குப் போய், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே சுட்டார். ஒன்றாம் மேகசினில் ஒன்றும் சிக்கவில்லை. இரண்டாம் மேகசினில் மூன்று தடவை, மூன்றும் மூக்கு மேலே எழும்பி. பழுதுபார்ப்பவர் அந்த மேகசினைத் திருப்பிப் பார்த்து, "எப்பவோ தரையில விழுந்திருக்கு. இந்தப் பக்க உதடு அகண்டிருக்கு" என்றாராம். உதட்டைத் திரும்ப வளைத்துச் சரி செய்வது நம்பும்படி இருக்காது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். ஸ்பிரிங் மாற்றினார்கள். சரிவை யாரும் தொடவில்லை. இந்த வயதிலும் அது பளபளவென்றுதான் இருந்ததாம்.

இப்போது என் கருத்து.

என் காலத்தில் புதுப்பிப்புக்கு வரும் துப்பாக்கியில் நாங்கள் பார்த்தது நம்பர். புத்தகத்தில் உள்ள நம்பரும் உலோகத்தில் உள்ள நம்பரும் ஒன்றாக இருந்தால் கையெழுத்து. அது சரியாகச் சுடுமா, சிக்குமா என்பது எங்கள் கவலை இல்லை. 2016 ஆயுத விதிகளில் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வந்தது. நல்ல காரியம். ஆளுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது, ஆயுதத்துக்கும் வேண்டாமா? ஒரு பழைய துப்பாக்கி கை மாறும்போது, லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவர் ஒருவர் பார்த்து, மேகசின் எத்தனை, ஸ்பிரிங் எப்படி, அறை எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பழைய ஸ்கூட்டர் வாங்கினால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறோம். இதற்கு மட்டும் நம்பிக்கையா? 2019 திருத்தத்தில் உரிமத்தின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அதாவது ஒரு சிக்குகிற துப்பாக்கி, யாரும் பார்க்காமல், பீரோவில் ஐந்து வருஷம் தூங்கலாம்.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் சிலர் வீட்டிலும் பீரோவில் அப்பா காலத்து ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசியாக எப்போது சுட்டீர்கள்? தோட்டா எந்த வருஷத்தது? சிக்கினால் என்ன செய்வதென்று கை தானாகச் செய்யுமா? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் அது பாதுகாப்பு இல்லை, வீட்டுக்குள் இருக்கும் ஒரு சந்தேகம். திருடன் வருவது நிச்சயமில்லை. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவது நிச்சயம். ஒழுங்காகப் பராமரித்துப் பழக முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கௌரவம் குறையாது. தேர்தலுக்குத் தேர்தல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் கொடுக்கிறோமே, அதே வரிசைதான், திரும்ப வாங்கப் போகாமல் இருப்பது மட்டும் வித்தியாசம்.

ஹவில்தார் எதைச் செய்தார் என்று கேட்பீர்கள். துப்பாக்கி இப்போது வியாபாரியிடம் இருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் முடித்துப் பெரியவளாகும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு செலவழித்துச் சரி செய்துவிட்டு ஏன் கொண்டுபோய் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சிக்கினது மேகசின்ல மட்டும் இல்லை சார்" என்றார்.